தீச்செய்தி: பொய்யும் பிழையும்

நெசவாளர் சங்கங்களுக்கும் வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கும் நாம் ஆய்வுக்குச் செல்லும்போது, கணக்கைப் பற்றி அங்கத்தினர்கள் கேட்கும் கேள்விகளைக் காட்டிலும் கணக்குக்குப் புறம்பான கேள்விகளே மிகுதி. பரமக்குடிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் அண்மையில் கேட்டது இது: "ஐயா, தீப்பிடித்துவிட்டதென்று நினைத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுகிறோம். வண்டி வந்து பார்த்தால் தீ ஒன்றும் இல்லை. அப்போது நம்மேல் வழக்குப் போடுவார்களா?"

போட மாட்டார்கள் என்பதே விடை. ஆனால் இந்த விடையை நாமே சரியாக அறிந்திராத காலம் ஒன்று இருந்தது. அதனால் நேர்ந்த நஷ்டத்தையும் பின்னர்ச் சொல்லுவோம். முதலில் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம்.

மேல்நாடுகளில் பல ஊர்களில் தீயணைப்புப் படை நகரசபையின் பொறுப்பில் உள்ளது. ஆகவே பொய்யான தீயறிவிப்பைத் தடுக்கும் விதிகளையும் அந்தந்த நகரசபையே இயற்றிக்கொள்கிறது. நம் நாட்டிலும் மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் அப்படியன்று. 1908ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய தீயணைப்புப் பணி, இன்று தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை என்னும் பெயரோடு மாநில அரசின் துறையாக இயங்குகிறது. எனவே இராமநாதபுரம் நகராட்சிக்கோ, இராமேசுவரம் நகராட்சிக்கோ, நம் ஊராட்சிகளுக்கோ இவ்விஷயத்தில் தனி விதி வேண்டியிருக்கவில்லை. மாநிலம் முழுமைக்கும் 1985ஆம் ஆண்டுத் தீயணைப்புப் பணிச் சட்டம் உள்ளது. தீப்பற்றியதாகத் தெரிந்தே பொய்ச் செய்தி கொடுப்பவன் அச்சட்டப்படி குற்றவாளி.

'தெரிந்தே' என்னும் சொல்லை அங்கத்தினர்கள் கோடிட்டுக்கொள்ள வேண்டும். புகையைக் கண்டு தீயென்று நம்பியவன், நம்பியதைச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, பிழைபட்டான். சட்டம் தேடுவது பொய் சொன்னவனை. அண்டை மாநிலமான கேரளம் 1962ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே சென்று, தீப்பற்றியதை அறிந்திருந்தும் தக்க காரணமின்றிச் சொல்லாமல் இருப்பவனையும் குற்றவாளி என்கிறது. சொல்லாமையும் குற்றமாகக்கூடும் என்னும் இந்த நோக்கு நம் ஊர்களுக்கு மிகவும் பொருந்தும் என்பது நமது எண்ணம்.

ஏனெனில் நம் மாவட்டத்தில் பிழைபடுவது மிக எளிது. சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடாத கிராமம் அரிது. மூட்டத்தில் மண் பூசி நெருப்பு வைத்துவிட்டால் நாட்கணக்கில் வெண்புகை எழுந்துகொண்டிருக்கும். கண்மாய்க் கரைக்கு அப்பால் எழும் அந்தப் புகை மூட்டத்துப் புகையா, வைக்கோற்போரில் பற்றிய புகையா என்று இரண்டு மைல் தொலைவிலிருந்து கூறுவது உள்ளூர்க்காரருக்கே கடினம். இருட்டிய பிறகு அறவே இயலாது.

பிழைபட்டால் ஒரு வண்டியின் பயணம் வீணாகும். சொல்லத் தயங்கினால் நேர்வது என்ன? பனையோலைக் கூரை பற்றினால் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை நம்மவருக்கு யாரும் சொல்ல வேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றி 28 பேர் மாண்டதை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீயும் கூரைத் தீயே. குழித்தறியும் பாவும் நூற்கட்டும் சாயப் பொருளும் ஒரே அறையில் வைத்துப் பிழைக்கும் நெசவாளர் வீட்டின் நிலை இவற்றினின்று அதிகம் வேறுபட்டதன்று.

இனி நாம் சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி. ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். மிளகாய் பயிரிடுவோர் மிகுந்த ஊர். ஒரு பங்குனி மாதத்து மாலையில், அவ்வழியே சென்ற அங்கத்தினர் ஒருவர் கண்மாய்க்கு அப்பால் புகையைக் கண்டு 101க்குச் சொன்னார். வண்டி வந்தது. வந்து பார்த்தால் கரிமூட்டம். வந்த வீரர்கள் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிச் சென்றார்கள். மனம் குன்றியவர்கள் சங்கத்து நிர்வாகிகள்தாம். அரசாங்க வண்டியை வீணாக அலைக்கழித்தது ஊருக்கு இழுக்கு என்று கருதி, அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் எழுதிவிட்டார்கள்: காரணமின்றித் தீயணைப்பு வண்டியை வரவழைக்கும் அங்கத்தினரும் அவர் குடும்பத்தாரும் சங்கத்துக்கு 500 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும். தண்டோரா இல்லை, எனினும் அன்று இரவுக்குள் ஊர் முழுதும் அதை அறிந்திருந்தது.

அந்த ஆண்டுத் தணிக்கையில் அத்தீர்மானத்தை நாம் படித்தோம். தண்டம் ஏதேனும் வசூலாயிற்றா என்று ரொக்கப் பேரேட்டைப் பார்த்தோம், வசூல் இல்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டோம். துணைவிதியில் இடமில்லாத தண்டத்தை நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஒன்றால் மட்டும் விதிக்க முடியாதென்று குறிப்பு எழுதியிருக்க வேண்டியது நமது கடமை. எழுதவில்லை. பணம் கைமாறாத தீர்மானத்தால் என்ன கெடுதி என்று எண்ணினோம்.

மறு ஆண்டு சித்திரை. உச்சிவேளை. அதே திசையில் புகை. முதலில் கண்டவர் களத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி. அடுத்துக் கண்டவர்கள் இருவர். மூவரிடமும் கைபேசி இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. இளைஞர் ஒருவர் மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மூட்டமா தீயா என்று பார்த்துவரப் போனார். பார்த்து, அங்கிருந்து கூவி, பிறகு செய்தி சொல்லி, வண்டி வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ முக்கால் மணி நேரம். அதற்குள் காற்று தீயைக் களத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. ஓலை போட்டு மூடியிருந்த வற்றல் குவியல்களும் சாக்குகளும் பற்றின. மிளகாய் எரியும் நெடியில் யார்தான் அருகே போக முடியும்? குடம் குடமாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஊர் தூரத்தில் நின்றது. இரண்டு வீடுகளின் கூரையும் போயிற்று. உயிர்ச்சேதம் இல்லாதது ஒன்றே ஆறுதல்.

நஷ்டக் கணக்கு எடுக்கும்போது அந்த மூதாட்டியிடம், "முதலில் பார்த்தது நீங்கள்தானே அம்மா, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "ஐநூறு ரூவா கையில இருந்தா நா எதுக்குங்கய்யா காம்பு கிள்ளப் போறேன்?" என்றார்.

இதற்கு நாம் என்ன விடை சொல்வது? தீர்மானப் புத்தகத்தில் முன் ஆண்டு நமது கையெழுத்து இருந்தது.

இதனால் பொய்த் தீச்செய்தி சிறிய குற்றம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. இராமேசுவரத்தை எண்ணிப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும்வரை தீவுக்குத் தரைவழியாக எந்த வண்டியும் வர இயலாது. இரயில் ஒன்றே வழி. இன்று பாலம் உண்டு. எனினும் இராமநாதபுரத்திலிருந்து ஒரு வண்டி துணைக்கு வர 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். பாலத்தின்மேல் வண்டிகளை நிறுத்திக் கடலைப் பார்ப்போரைக் கடந்தும் வர வேண்டும். (இவர்களுக்கும் ஒரு சட்டம் வந்தால் நாம் வருந்த மாட்டோம்.) இராமேசுவரத்து வண்டியை ஒரு விளையாட்டுப் பிள்ளை தனுஷ்கோடிக்கு வரவழைத்துவிட்டால், அந்த நேரத்தில் யாத்திரிகர் நிறைந்த விடுதிகளும் கரையோரக் குடிசைகளும் காவலின்றி நிற்கும். தெரிந்தே பொய் சொன்னவனைத் தண்டிப்பதற்குச் சட்டம் கூறும் நியாயம் இதுவே.

இன்னொரு வகைப் பொய்த் தீச்செய்தி உண்டு. அது நிலையத்துக்குப் போவதில்லை, கூட்டத்துக்குப் போகிறது. அதன் கொடுமை பன்மடங்கு பெரிது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, இலக்னோவிலிருந்து மும்பை நோக்கிச் சென்ற புஷ்பக் விரைவு வண்டியில் தீப்பிடித்துவிட்டதென்று ஒரு வதந்தி எழுந்தது. மகாராஷ்டிரத்து ஜள்காவ் மாவட்டத்தில் யாரோ அபாயச் சங்கிலியை இழுத்தார்கள். வண்டி நின்றது. பயணிகள் அஞ்சி அடுத்த தண்டவாளத்தில் குதித்தார்கள். அத்தண்டவாளத்தில் எதிரே வந்த கர்நாடகா விரைவு வண்டி அவர்கள்மீது மோதியது. மாண்டவர்கள் பன்னிரண்டு பேருக்குக் குறையாது. வண்டியில் தீ இல்லை.

தொழிலாளர் சங்கங்களின் வரலாற்றைப் படித்தோர் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதியை அறிவர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் காலுமெட் என்னும் சுரங்க ஊரில், வேலைநிறுத்தம் செய்திருந்த செப்புச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் குழந்தைகளுக்காக இத்தாலியர் மண்டபத்து மாடியில் கிறிஸ்துமஸ் விருந்து நடத்தினார்கள். "தீ!" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் படிக்கட்டை நோக்கி ஓடினார்கள். நெரிசலில் 73 பேர் இறந்தார்கள். அவர்களில் 59 பேர் குழந்தைகள். அங்கும் தீ இல்லை. கூவியவன் யார் என்பது இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை.

ஆகவே ஒரே செய்தியை யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் வேறுபாடு முழுதும் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தில் உள்ளவர்கள் அச்செய்தியைக் கேட்டு ஓடிப்போகிறவர்கள் அல்லர், ஓடிவருகிறவர்கள். அவர்களிடம் ஐயத்தோடு சொன்னாலும் தீங்கில்லை. கூட்டத்தில் கூவுவதற்கும், இக்காலத்தில் கைபேசிக் குழுக்களில் பரப்புவதற்கும் அந்தச் சலுகை கிடையாது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, பேரிடர் பற்றியோ அதன் கடுமை பற்றியோ பொய்யான அபாய அறிவிப்பைச் செய்து அல்லது பரப்பி மக்களிடையே பீதியை உண்டாக்குபவருக்கு ஓராண்டுவரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. 'பரப்புதல்' என்னும் சொல் அதில் உள்ளது. 'தெரிந்தே' என்னும் சொல் இல்லை. யாரோ அனுப்பினார்கள், நாமும் அனுப்பினோம் என்பது போதிய சமாதானம் ஆகாமற் போகலாம்.

இரயில் சங்கிலிக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறோம். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவு, நியாயமான, போதிய காரணமின்றிச் சங்கிலியை இழுப்பவருக்கு ஓராண்டுவரை சிறையும் ஆயிரம் ரூபாய்வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. பெட்டியில் புகையைக் கண்டு இழுத்தவருக்குக் காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி மதுரை நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில், யாத்திரிகர்கள் மறைத்துக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். அத்தகைய உருளையைக் கண்டால் சொல்லுவதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

எச்சரிக்கை பலிக்காமற் போவதனாலேயே அது பொய்யாகிவிடுமா? கடற்கரையில் வாழும் நமக்கு இதைப் பாம்பன் துறைமுகத்துப் புயல் எச்சரிக்கைக் கூண்டு நெடுங்காலமாகக் கற்பித்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புரெவிப் புயல் திரிகோணமலை அருகே இலங்கையைக் கடந்து நம்மை நோக்கி வந்தது. கூண்டு ஏற்றினார்கள், படகுகள் கரையேறின. புயலோ மன்னார் வளைகுடாவில் வலுக்குன்றி நின்றுவிட்டது. கூண்டு ஏற்றியவர்கள் பொய் சொன்னார்கள் என்று எந்த மீனவரும் கூறவில்லை. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவில் தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற இரயில் வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையான கரை இது. வீணாக ஒரு நாள் தொழில் நின்றதைப் பெரிதாகக் கொள்ளாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி நிகழ்ந்தது வேறு. ஆழிப்பேரலை வந்து நான்கே நாட்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டுத் தனியார் அமைப்பு ஒன்றின் ஊகத்தை நம்பி, மீண்டும் அலை வரக்கூடுமென்று மத்திய உள்துறை எச்சரித்தது. பிணங்களைக்கூட எடுத்து முடியாத கரைகளிலிருந்து மக்கள் மறுபடியும் ஓடினார்கள். அலை வரவில்லை. தக்க கருவியும் தக்க நிலையமும் இல்லாமையே அதன் மூலகாரணம். ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007ஆம் ஆண்டு அக்டோபரில் அமைந்த பிறகு, அத்தகைய எச்சரிக்கையைச் சொல்லும் வாய் ஒன்று உறுதியாயிற்று.

மேல்நாட்டு விதிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். நம் சங்கங்களின் விற்பனை நிலையங்களிலும் கிடங்குகளிலும் தானியங்கித் தீயறிவிப்புக் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இக்கருவி வைக்க அனுமதி பெற வேண்டும். ஆண்டுக்குச் சில பொய்யொலிகளை மன்னித்து, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் ஏறிக்கொண்டே போகும் கட்டணம் வாங்குகிறார்கள். இலண்டனில் 2014ஆம் ஆண்டு முதல், ஓராண்டில் பத்து முறைக்கு மேல் வீணாக அழைக்கும் மருத்துவமனை, கல்லூரி போன்ற கட்டடங்களுக்குக் கட்டணம் விதிக்கலானார்கள். ஸ்காட்லாந்தில் 2023ஆம் ஆண்டு ஜூலை முதல், தொழிலிடங்களில் கருவி மட்டும் ஒலித்தால் வண்டி வராது. மனிதர் ஒருவர் பார்த்துத் தீயென்று சொல்ல வேண்டும். இவ்விதிகள் யாவும் கருவியைப் பராமரிக்காத உரிமையாளரை நோக்கியவை. புகையைக் கண்டு பதறிய வழிப்போக்கரை நோக்கியவை அல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல் அதே முறையை அங்கத்தினர்மீது ஏவியதுதான் நாம் மேலே கூறிய சங்கத்தின் பிழை.

கருவி விஷயத்தில் நாம் கண்ட அலட்சியம் ஒன்று. நூல் கிடங்கில் பறக்கும் பஞ்சுத்தூசியும், ஆயுதபூஜையன்று ஏற்றும் சாம்பிராணியும் அக்கருவியை ஒலிக்கச் செய்துவிடும். இரண்டு முறை ஒலித்ததும் காவலர் மின்கலத்தைக் கழற்றி மேஜை அறையில் வைத்துவிடுகிறார். ஆய்வுப் பட்டியலில் 'தீயறிவிப்புக் கருவி: உண்டு' என்று எழுதியிருக்கும். கருவியின் தூசியை மாதம் ஒருமுறை துடைப்பதும், பூஜையை வாயிற்புறத்தில் நடத்துவதும் செலவில்லாத வேலைகள். வரும் ஆய்வுகளில் பொத்தானை அழுத்தி ஒலியைக் கேட்ட பிறகே நாம் கையெழுத்திடுவோம்.

செய்தி சொல்லும் முறையை அறிந்திருந்தால் பாதிப் பிழைகள் நேரா. 101 அல்லது 112 என்னும் எண்ணில், ஊரின் பெயரோடு தாலுகாவின் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரே பெயருள்ள ஊர்கள் நம் மாவட்டத்தில் பல. வண்டி எந்தச் சாலையில் வந்து எங்கே திரும்ப வேண்டும், அருகே கண்மாயிலோ ஊருணியிலோ தண்ணீர் உண்டா என்பவற்றைச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டது தீயா, புகை மட்டுமா என்பதை உள்ளபடி சொல்லுங்கள். "புகை தெரிகிறது, தீயா என்று தெரியவில்லை" என்று சொன்னவரைப் பொய்யரென்று எந்தச் சட்டமும் சொல்லாது. பிறகு தீ இல்லையென்று தெரிந்தால் அதே எண்ணுக்கு உடனே சொல்லிவிட வேண்டும். வண்டி பாதிவழியில் திரும்பிவிடும். கைபேசியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிடக்கூடாது. தீயணைக்க வரும் வண்டிக்குக் கட்டணம் கிடையாதென்பதை இன்னும் பலர் அறியாமலிருப்பது நமக்கு வியப்பே. கரிமூட்டம் போடுகிறவர்கள், போடும் நாளையும் இடத்தையும் முன்கூட்டியே நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அத்திசையிலிருந்து வரும் செய்தியை நிலையத்தார் எடைபோட்டுக்கொள்வார்கள்.

அந்த ஊர்ச் சங்கம் தண்டத் தீர்மானத்தை இரத்துச் செய்துவிட்டது. புதிய தீர்மானத்தின் வாசகத்தில் நாமும் சிறிது உதவினோம். தெரிந்தே பொய்ச் செய்தி கொடுப்பவரைச் சட்டத்துக்கு விட்டுவிடுவது. நல்லெண்ணத்தோடு பிழைபட்டவரிடம் சங்கமோ ஊரோ எதையும் கேட்பதில்லை. வண்டி வீணாக வந்துபோனால் வந்த வீரர்களுக்குத் தேநீர்ச் செலவு சங்கத்துச் சில்லறைச் செலவில் எழுதப்படும். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் அந்த மூதாட்டியின் மகன். இவ்வாண்டுத் தணிக்கையில் அத்தலைப்பில் ஒரு பற்றுச்சீட்டு இருந்தது: ஐந்து தேநீர், அறுபது ரூபாய். கரிமூட்டம்தான். அனுமதித்துக் கையெழுத்திட்டோம்.